நிமிடத்திற்கு ஆறு வரி: பழைய ஆண்ட்ராய்டு லிங்கரின் எச்சரிக்கையை நீக்கிய பதிவு

வீட்டில் மின்சாரம் எப்போது போகிறது, எப்போது திரும்புகிறது என்பதைக் குறித்து வைப்பதற்காக, திரை உடைந்து மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைபேசி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அதில் ஓடுவது 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.1. செயலி 32 பிட் ஆர்ம் வகையைச் சேர்ந்தது. இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத ஒரு பிளக்கில் அதன் சார்ஜர் எப்போதும் செருகப்பட்டிருக்கும். மின்சாரம் போனவுடன், இயங்குதளத்தின் மையமான கர்னல் வெளிக்காட்டும் பேட்டரி நிலைக் கோப்பில் ‘சார்ஜிங்’ அல்லது ‘ஃபுல்’ என்றிருந்த சொல் ‘டிஸ்சார்ஜிங்’ என்று மாறிவிடும். நிமிடத்திற்கு ஒருமுறை அந்தச் சொல்லைப் படித்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்க்கும் சிறு சி நிரல் ஒன்றையும், நள்ளிரவில் அன்றைய கணக்கைத் தொகுத்துப் பழைய வரிகளை அழிக்கும் இன்னொரு நிரலையும் மடிக்கணினியில் என்டிகே என்ற ஆண்ட்ராய்டு நிரலாக்கக் கருவித்தொகுப்பைக் கொண்டு கம்பைல் செய்து, கணினியிலிருந்து கைபேசியைக் கையாளும் ஏடிபி கருவி வழியாகக் கைபேசியில் வைத்தேன். கைபேசி ரூட் செய்யப்பட்டது (முழு நிர்வாக அனுமதி திறக்கப்பட்டது) என்பதால், அது தூங்கிவிடாமல் இருக்க கர்னலின் வேக்லாக் கோப்பில் ஒரு பெயரை எழுதி வைப்பதிலும் சிரமம் இருக்கவில்லை.

நிரல் முதல் நாளே சரியாக வேலை செய்தது. ஆனால், அதை அழைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் வழக்கமான வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் ஒரே பதிவுக் கோப்பில் சேர்க்கும்படி எழுதப்பட்டிருந்ததால், மறுநாள் காலையில் அந்தக் கோப்பைத் திறந்தபோது, நான் எழுதாத வரிகளே அதை நிறைத்திருந்தன. ஒவ்வொரு ஓட்டத்திற்கும் ஆறு வரிகள் வீதம், நாளொன்றுக்கு 1440 ஓட்டங்களுக்கு 8640 வரிகள் சேர்ந்தன. எல்லாமே ‘வார்னிங்: லிங்கர்:’ என்று தொடங்கின. ஐந்து வரிகள், இன்ன கோப்பில் ‘அன்யூஸ்டு டிடி என்ட்ரி’ (பயன்படாத பதிவு) இருக்கிறது என்று சொல்லி, ஒரு வகை எண்ணையும் ஒரு மதிப்பையும் தந்தன. எஞ்சிய ஒன்று ‘அன்சப்போர்ட்டட் ஃபிளாக்ஸ்’ (ஆதரிக்கப்படாத அடையாள பிட்டுகள்) என்றது. செய்திகளில் எண்கள் பதினாறடிமான முறையில் இருந்தன. படிக்க எளிதாக இருக்கும் என்பதால் இங்கே அவற்றைப் பத்தடிமானத்தில் எழுதுகிறேன். என் நிரலின் பெயரோடு வந்த வகை எண்கள் 29, 1879048190, 1879048191 ஆகியவை. பின்னிரண்டு எண்களும் எஸ்க்யூலைட் லைப்ரரியின் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் செயற்கூறுத் தொகுப்பு) பெயரோடு மீண்டும் ஒருமுறை வந்தன. ஃபிளாக்ஸ் வரியில் இருந்த மதிப்பு 134217729.

இந்த வரிகளை யார் எழுதுகிறார்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு நிரலை இயக்கச் சொன்னால், கர்னல் அந்த எல்ஃப் கோப்பின் (நிரல்களும் லைப்ரரிகளும் சேமிக்கப்படும் வடிவம்) தலைப்பைப் படித்து, அதற்குள் எழுதப்பட்டிருக்கும் ஏற்றியின் பாதையைக் கண்டு, அந்த ஏற்றியையும் நினைவகத்தில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடமே ஒப்படைக்கிறது. 32 பிட் நிரல்களுக்கு அந்த ஏற்றி சிஸ்டம் பகிர்வின் ‘பின்’ (bin) என்ற அடைவில் உள்ள ‘லிங்கர்’ என்ற கோப்பு. தேவையான லைப்ரரிகளைத் தேடி, முகவரிகளைப் பொருத்தி முடித்த பிறகுதான் என் நிரலின் மெயின் செயற்கூறு தொடங்கும். ஆகவே, நிரலின் முதல் வரியிலேயே பிழை வெளியீட்டை மூடிவிடலாம் என்று எனக்குத் தோன்றிய எண்ணம் பயனற்றது. நான் கதவைச் சாத்துவதற்கு முன்பே ஆறு வரிகளும் வெளியே போய்விடும்.

அந்த வரிகளை, எதை எழுதினாலும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் அதைத்தான் செய்தேன். பழைய பதிவுக் கோப்பை மட்டும் வேறு பெயரில் எடுத்து வைத்தேன். பிறகு ஒரு நாள் லைப்ரரி இருந்த அடைவின் பெயரை மாற்றிவிட்டு ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துபோனேன். லைப்ரரி கிடைக்காததால் ‘கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்’ என்று லிங்கர் ஒவ்வொரு நிமிடமும் முறையிட்டிருக்கிறது. அந்த முறையீடும் அதே குழிக்குள் போயிருக்கிறது. மூன்று நாள் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் போனதைக் குறிப்பதற்காக வைத்த கருவி, தான் நின்றுபோனதை மட்டும் குறிக்கவில்லை. அடுத்தபடியாக, குறிப்பிட்ட வரிகளை மட்டும் வடிகட்டும் கிரெப் கட்டளையை இடையில் வைத்தேன். அதில் வேறொரு தொல்லை இருந்தது. குழாய்த் தொடரின் வெளியேற்ற எண் கடைசிக் கட்டளைக்கு உரியது என்பதாலும், கடத்துவதற்கு வரி எதுவும் இல்லாதபோது கிரெப் தானே 1 என்று முடியும் என்பதாலும், என் நிரல் வெற்றியா தோல்வியா என்பதை ஸ்கிரிப்ட் அறிய வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான், சத்தத்தை மறைப்பதைவிட அது எதனால் வருகிறது என்று கோப்புக்குள்ளேயே பார்ப்பது மேல் என்று முடிவு செய்தேன்.

ரூட் அனுமதி இருப்பதால், லிங்கர் கோப்பையே திருத்திவிடலாமே என்ற ஆசை ஒரு மாலை முழுவதும் என்னை விடவில்லை. எச்சரிக்கையின் வடிவச் சரம் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதைத் தேடி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால், கைபேசியில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அந்த ஒரே கோப்பின் வழியாகத்தான் எழுகின்றன. அதில் ஒரு பைட் பிசகினால் கைபேசி அடுத்த முறை எழுந்திருக்காது. அதோடு, பிழை என் நிரல் கட்டப்பட்ட விதத்தில் இருக்கும்போது, அதைச் சுட்டிக்காட்டுபவனின் வாயை அடைப்பது முறையான பழுதுபார்ப்பாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மடிக்கணினியில் ரீட்எல்ஃப் கருவியைக் கொண்டு நிரலின் டைனமிக் அட்டவணையைப் பார்த்தேன். லைப்ரரிகளோடு இணைந்து ஓடும் எல்ஃப் கோப்பு ஒவ்வொன்றிலும் இந்த அட்டவணை உண்டு. 32 பிட் கோப்பில் ஒவ்வொரு பதிவும் 8 பைட் கொண்டது. முதல் 4 பைட் அது எவ்வகைப் பதிவு என்று சொல்லும் டேக், அடுத்த 4 பைட் அதன் மதிப்பு. 64 பிட் கோப்பில் இவை இரண்டும் எட்டெட்டு பைட்டாகி, ஒரு பதிவு 16 பைட் ஆகிறது. டேக் 1 என்றால் ‘இந்த லைப்ரரி வேண்டும்’ என்று பொருள். 4 என்றால் குறியீட்டுப் பெயர்களை (செயற்கூறு முதலியவற்றின் பெயர்களை) தேடும் ஹாஷ் அட்டவணை இருக்கும் இடம். 0 என்றால் அட்டவணை இத்துடன் முடிகிறது. ஆண்ட்ராய்டு 5.1இன் லிங்கர் இந்த அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வொரு டேகுக்கும் உரிய வேலையைச் செய்கிறது. தன் பட்டியலில் இல்லாத டேக் வந்தால் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு மேலே போகிறது. மேசைக் கணினி லினக்ஸில் உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் ஏற்றி இத்தகைய இடத்தில் வாயே திறக்காது. அதனால்தான் இப்படியொரு வழக்கம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

29 என்பது ரன்பாத், அதாவது லைப்ரரிகளை எந்த அடைவில் தேட வேண்டும் என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல்தான் அங்குள்ள லிங்கர் இதை மதிக்கத் தொடங்கியது. என் கைபேசியில் இது செல்லாத சீட்டு. ஸ்கிரிப்டில் லைப்ரரித் தேடல் பாதைக்கான சூழல் மாறியை நான் ஏற்கெனவே அமைத்திருந்ததால்தான் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு பெரிய எண்களும் குறியீடுகளின் பதிப்புத் தகவலைச் சேர்ந்தவை. சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சியின் எந்தப் பதிப்பைச் சேர்ந்த செயற்கூறு வேண்டும் என்ற பட்டியல் கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை 1879048190 சொல்கிறது. அந்தப் பட்டியலில் எத்தனை உருப்படிகள் என்பதை 1879048191 சொல்கிறது. இந்த எண்கள் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1879048192இல் இருந்து மேலே உள்ள எண்கள் செயலிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இயங்குதளங்கள் தம் சொந்தத் தேவைகளுக்கு எடுத்துக்கொண்ட பகுதியின் கடைசி இரு எண்கள்தாம் இவை. பதிப்புத் தகவலைப் புரிந்துகொள்ளும் திறன் ஆண்ட்ராய்டு 6.0இல்தான் லிங்கருக்கு வந்தது. 134217729 என்பது 134217728ஐயும் 1ஐயும் கூட்டிய தொகை. 1 என்பது எல்லா முகவரிகளையும் தொடக்கத்திலேயே பொருத்திவிடு என்ற ஆணை. லிங்கருக்கு அது தெரியும். மற்றது, இக்கோப்பு எந்த முகவரியிலும் இயங்கக்கூடிய ‘பை’ வகை நிரல் என்ற வெறும் அடையாளம். கம்பைல் செய்த துண்டுகளை மடிக்கணினியில் ஒரே கோப்பாக்கும் அண்மைக்கால எல்எல்டி இணைப்பி (கைபேசியின் லிங்கர் வேறு) அதைத் தானாகவே போட்டுவிடுகிறது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் ‘பை’ வகை அல்லாத நிரலை லிங்கர் ஏற்பதில்லை என்பதால், அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு இணைக்கவும் முடியாது. என்டிகேயின் 23ஆம் வெளியீட்டோடு குனு இணைப்பிகளும் நீக்கப்பட்டுவிட்டபடியால், பழைய இணைப்பிக்குத் திரும்பும் வழியும் எனக்கு இல்லை.

ரீட்எல்ஃப் காட்டிய ரன்பாத் மதிப்பைப் பார்த்தபோதுதான் என் தவறு ஒன்று வெளிப்பட்டது. நிரல் இருக்கும் அடைவைக் குறிக்கும் ‘ஆரிஜின்’ என்ற சொல்லை டாலர் குறியோடு, நிரலைக் கட்டும் படிகளைச் சொல்லும் மேக்ஃபைலில் எழுதியிருந்தேன். மேக் கருவி டாலரையும் அதை அடுத்த முதல் எழுத்தையும் சேர்த்து ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொரு மாறி இல்லாததால் அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டது. எஞ்சியது தலை இழந்த ‘ரிஜின்’ என்ற சொல். அதாவது, மாதக்கணக்கில் இந்தக் கோப்பு இல்லாத ஓர் அடைவின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. பழைய லிங்கர் அதைப் பார்க்கவே இல்லை என்பதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. டாலரை இரட்டித்து, ஷெல்லும் அதை விழுங்காமல் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துச் சரிசெய்தேன். நான் எரிச்சலோடு ஒதுக்கிய எச்சரிக்கை வரியே இந்தப் பிழை இருந்த இடத்திற்குத்தான் விரல் நீட்டிக்கொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே இரண்டு எளிய மாற்றுவழிகளையும் சொல்லிவிடுகிறேன். நிரலை, லைப்ரரிகளும் அதற்குள்ளேயே அடங்கும் ஸ்டேடிக் முறையில் முழுமையாக இணைத்தால் லிங்கருக்கு வேலையே இல்லை, எச்சரிக்கையும் வராது. ஒரே ஒரு நிரல் என்றால் அதுவே போதும், நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால், எஸ்க்யூலைட்டைப் பகிர்ந்துகொள்ளும் நிரல்கள் என்னிடம் இரண்டு இருந்தன, மூன்றாவது ஒன்றும் எழுதும் எண்ணம் இருந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அந்த லைப்ரரியைத் திணிக்க மனம் வரவில்லை. இன்னொன்று, இதே சிக்கலுக்காக, ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை இயக்க உதவும் டெர்மக்ஸ் திட்டத்தினர் எழுதி வெளியிட்டிருக்கும் எல்ஃப் கிளீனர் என்ற கருவி. அவசரத்தில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த எட்டு பைட்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆவல் இருந்ததால், பைத்தானில் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினேன்.

அட்டவணையைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. கோப்பின் முதல் நான்கு பைட்டுகளில் எல்ஃப் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பைட்டில் 1 இருந்தால் 32 பிட் என்றும் 2 இருந்தால் 64 பிட் என்றும் கொள்ள வேண்டும். 32 பிட் கோப்பில் தொடக்கத்திலிருந்து 28ஆம் பைட்டில் நிரல் தலைப்புப் பட்டியலின் இடமும், 44ஆம் பைட்டில் அவற்றின் எண்ணிக்கையும் உள்ளன. தலைப்பு ஒவ்வொன்றும் 32 பைட் நீளம்; அவற்றுள் வகை எண் 2 உடையது டைனமிக் அட்டவணையைக் காட்டும். அந்தத் தலைப்பின் 4ஆம் பைட்டில் கோப்பில் அட்டவணை தொடங்கும் இடமும், 16ஆம் பைட்டில் அதன் நீளமும் கிடைக்கும். செக்‌ஷன் பட்டியலின் (கோப்பின் பகுதிகளை இணைப்பி போன்ற கருவிகளுக்குக் காட்டும் பட்டியல்) வழியாகவும் இதே இடத்திற்கு வரலாம். ஆனால், இயங்கும்போது லிங்கர் செக்‌ஷன்களைப் பார்ப்பதில்லை; அது பார்ப்பதையே நானும் பார்ப்பதுதான் சரி என்று நிரல் தலைப்புகளின் வழியே போனேன்.

முதல் முயற்சியில் வேண்டாத பதிவின் டேகையும் மதிப்பையும் பூஜ்யமாக்கினேன். துடைத்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தது எவ்வளவு அறியாமை என்பது கைபேசியில் ஓட்டிப் பார்த்தவுடன் தெரிந்தது. எச்சரிக்கைகள் அனைத்தும் மறைந்தன, நிரலும் சேர்ந்து மறைந்தது. டிடி ஹாஷ் காலியாக உள்ளது அல்லது காணவில்லை, குனு பாணி ஹாஷ் கொண்டு இணைத்தீர்களோ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி மட்டும் வந்தது. பழைய லிங்கருக்குக் குனு பாணி ஹாஷ் தெரியாது என்பதால் முதலிலிருந்தே பழைய பாணியைத்தான் கேட்டு இணைத்திருந்தேன். ரீட்எல்ஃபில் பார்த்தபோது அது இருக்கவும் செய்தது. அரை மணி நேரம் இணைப்பியின் விருப்பங்களையே புரட்டிக்கொண்டிருந்த பிறகுதான் உறைத்தது. டேக் 0 என்றால் அட்டவணை முடிந்தது என்று பொருள். எல்எல்டி ரன்பாத்தைத் தேவையான லைப்ரரிகளுக்கும் முன்னால், அட்டவணையின் முதல் பதிவாகவே வைத்திருந்தது. நான் அதைப் பூஜ்யமாக்கியதும், முதல் வரியிலேயே ‘முற்றும்’ என்று எழுதிய புத்தகமாக அட்டவணை ஆகிவிட்டது. லிங்கர் அதற்கு மேல் படிக்கவில்லை. முதலில் சரிபார்க்கும் ஹாஷ் அட்டவணை கைக்குக் கிடைக்காததால் அதைச் சொல்லி நின்றுவிட்டது.

எனவே, பதிவைத் துடைக்காமல், அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒரு படி மேலே நகர்த்தி, கடைசியில் விடுபடும் இடத்தை மட்டும் பூஜ்யமாக்கும்படி மாற்றி எழுதினேன். நடைமுறையில் இது இன்னும் எளிது. வைத்துக்கொள்ள வேண்டிய பதிவுகளை வரிசை மாறாமல் ஒரு பட்டியலில் சேர்த்து, அதை அட்டவணையின் தொடக்கத்திலிருந்து எழுதி, மீதி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிவிடலாம். அட்டவணையின் மொத்த நீளம் மாறுவதில்லை. எனவே, கோப்பில் வேறெதுவும் இடம்பெயர்வதில்லை, எந்த முகவரியையும் திருத்த வேண்டியதில்லை. பெரும்பாலான பதிவுகளுக்குத் தாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பது பொருட்டல்ல. ஆனால், மிப்ஸ் செயலிக்கான கோப்புகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிழைத்திருத்திக்கு உதவும் ஒரு பதிவின் மதிப்பு, அந்தப் பதிவே இருக்கும் முகவரியிலிருந்து அளந்த தூரமாக எழுதப்பட்டிருக்கும். அதை நகர்த்தினால் மதிப்பையும் நகர்த்திய அளவுக்குத் திருத்த வேண்டும். என் கைபேசி ஆர்ம் என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. இருந்தாலும், மிப்ஸ் கோப்பைக் கொடுத்தால் தொடாமல் மறுத்துவிடும்படி ஒரு சோதனையைச் சேர்த்து வைத்தேன்.

ஃபிளாக்ஸ் பதிவை நீக்கவில்லை. அதில் உள்ள 1 என்ற பயனுள்ள ஆணையைக் காப்பாற்றி, லிங்கருக்குத் தெரியாத பிட்டுகளை மட்டும் அணைத்தால் போதும். ஆண்ட்ராய்டு 5 வரிசையின் லிங்கர் அறிந்தவை 1, 2 என்ற இரண்டு மதிப்புகள் மட்டுமே. ஆகவே இருக்கும் மதிப்பை 3 உடன் பிட் வாரியாக ‘ஆண்ட்’ செய்து, இரண்டிலும் உள்ள பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டதும் 134217729 என்பது 1 ஆகிவிட்டது. இதில் ஒரு சிறு பக்கவிளைவைப் பின்னர் கவனித்தேன். லினக்ஸில் ஃபைல் கட்டளை, ‘பை’ வகை நிரலையும் பகிர் லைப்ரரியையும் அந்த அடையாளப் பிட்டைப் பார்த்துத்தான் பிரித்தறிகிறது. ஆகவே, சுத்தம் செய்த என் நிரலை அது ‘ஷேர்டு ஆப்ஜெக்ட்’ என்று அறிவித்தது. இயக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் தெரியாதவர் பார்த்தால் குழம்பக்கூடும்.

இந்த முறை கைபேசியில் ஓட்டியபோது நிரல் ஓடியது. எனினும் இரண்டு வரிகள் பிடிவாதமாக நின்றன. அவை எஸ்க்யூலைட் லைப்ரரியின் வரிகள். லிங்கர் ஏற்றும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்தச் சோதனை நடக்கிறது என்பதை முதல் நாள் பதிவிலேயே பார்த்திருந்தும், நிரலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு வெற்றியைக் கொண்டாடத் தயாராகியிருந்தேன். லைப்ரரியையும் அதே ஸ்கிரிப்டின் வழியே அனுப்பியதும் திரை அமைதியாயிற்று.

அதோடு முடித்திருந்தால் ஒரு குறை உள்ளேயே தங்கியிருக்கும். வீட்டில் ஆண்ட்ராய்டு 9 ஓடும் இன்னொரு கைபேசி இருந்தது. பழைய கைபேசியின் பேட்டரி எப்போது வீங்கும் என்று சொல்ல முடியாது என்பதால், மாற்றாக இருக்கட்டும் என்று அதே கோப்புகளை அதில் வைத்து ஓட்டினேன். குறிப்பிட்ட பதிப்பு எண்ணுக்கு வெர்நீடோ (வேண்டிய பதிப்புகளின் பட்டியல்) வெர்டெஃபோ (தரும் பதிப்புகளின் பட்டியல்) கிடைக்கவில்லை, இன்ன குறியீடு அதைச் சுட்டுகிறது என்று சொல்லி லிங்கர் நிரலை ஏற்க மறுத்தது. காரணம் இதுதான். பதிப்புத் தகவல் மூன்று பதிவுகளாகச் சேர்ந்து இயங்குகிறது. பட்டியலின் இடமும் எண்ணிக்கையும் தவிர, ஒவ்வொரு குறியீட்டுக்கும் எந்தப் பதிப்பு எண் என்று சொல்லும் வெர்சிம் அட்டவணைக்கு 1879048176 என்ற டேக் கொண்ட தனிப் பதிவு உண்டு. ஆண்ட்ராய்டு 5.1இன் லிங்கர் வெர்சிம் பதிவை மட்டும் தெரிந்தே சத்தமில்லாமல் தாண்டிச் சென்றுவிடும். அதைப் பற்றி எச்சரிக்கை வராததால் நானும் அதை நீக்கவில்லை. புதிய லிங்கரோ வெர்சிம்மைப் படித்து, இந்தக் குறியீட்டுக்கு இரண்டாம் எண் பதிப்பு வேண்டும் என்று அறிந்து, அந்த எண்ணுக்கு உரிய பெயரைத் தேடிப் பட்டியலுக்குப் போகிறது; பட்டியலை நான் ஏற்கெனவே அகற்றிவிட்டேன். எச்சரிக்கை வந்த பதிவுகளை மட்டும் நீக்குவது, சத்தம் போட்ட பல்லை மட்டும் கழற்றிவிட்டுப் பல்சக்கரம் சுற்றும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது. மூன்றையும் ஒன்றாக எடுத்தேன். அதன் பிறகு குறியீடுகள் பதிப்பு பாராமல் பெயரை மட்டும் கொண்டு பொருத்தப்பட்டு, இரு கைபேசிகளிலும் நிரல் ஓடியது.

ஆனால், அந்தப் புதிய கைபேசிக்கு இந்தச் சுத்தமே தேவையில்லை. அதன் லிங்கருக்குப் பதிப்புத் தகவலும் தெரியும், ரன்பாத்தும் தெரியும். ரன்பாத்தை எடுத்துவிட்டால், சூழல் மாறியை அமைக்காமல் ஓடும் வசதியும் போய்விடுகிறது. ஆகவே, மேக்ஃபைலில் இரண்டு இலக்குகளாகப் பிரித்துவிட்டேன். வழக்கமான கோப்பு எதையும் இழக்காமல் அப்படியே இருக்கும். பழைய கைபேசிக்கான நகல் மட்டும் தனி அடைவில் சுத்தம் செய்யப்படும். பிழைத்திருத்தத் தகவலை அகற்றும் ஸ்ட்ரிப் கட்டளை முதலிலும், என் ஸ்கிரிப்ட் அதன் பிறகும் ஓடும்படி வரிசையை வைத்தேன். செக்‌ஷன் பட்டியல் இன்னும் பழைய பதிப்புத் தகவல் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும் கோப்பை, செக்‌ஷன்களை நம்பி வேலை செய்யும் கருவிகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

சுத்தம் செய்த நகலை மூலக் கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடுகள் அனைத்தும் டைனமிக் அட்டவணையின் எல்லைக்குள்ளேயே இருந்தன. அதற்கு வெளியே ஒரு பைட்கூட மாறவில்லை. பிறகு, வேண்டுமென்றே லைப்ரரியின் பெயரை மாற்றி வைத்து ஓட்டினேன். லிங்கரின் உண்மையான பிழைச் செய்தி வழக்கம்போல் வந்தது, வெளியேற்ற எண்ணும் ஸ்கிரிப்டுக்குக் கிடைத்தது. டெவ்-நல் திருப்பத்தையும் கிரெப் வடிகட்டியையும் எடுத்துவிட்டு, பிழை வெளியீட்டைத் தனிக் கோப்பில் எழுதும்படி மாற்றினேன்.

ஐந்து நாள் அந்தக் கோப்பு காலியாகவே இருந்தது. ஆறாம் நாள் காலையில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று எஸ்க்யூலைட் சொல்லியிருந்தது. நேரம் நள்ளிரவு 12 மணி 1 நிமிடம். நள்ளிரவுத் தொகுப்பு நிரல் பழைய வரிகளை அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் நிமிட நிரலும் எழுத முயன்று, பூட்டு கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. சந்தேகம் வந்து, எடுத்து வைத்திருந்த முதல் மூன்று வார பதிவுக் கோப்பில் அந்தச் சொற்றொடரைத் தேடினேன். லிங்கரின் வரிகளுக்கு நடுவே அது 14 இடங்களில் இருந்தது. எல்லாமே நள்ளிரவை ஒட்டிய நிமிடங்கள். இரண்டு நிரல்களிலும் தரவுத்தளத்தைத் திறந்தவுடன் எஸ்க்யூலைட்டின் பிஸி டைம்அவுட்டை (பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரம்) 5000 மில்லிவினாடி என்று வைத்து, மீண்டும் கம்பைல் செய்து, சுத்தம் செய்து, கைபேசிக்கு அனுப்பினேன்.